சாம்பல் பூசிய கதவுகள்

சௌந்தரராஜனின் ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 2007-இல்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஏழு கதவுகள் இருந்தன. அவை எங்கே என்று அவனைக் கேட்டால் "டிஸ்பாட்ச் ஆயிருச்சு" என்பான். கேட்பவர் சிரிப்பார். அவன் வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. நடந்தது அதுதான்.

அப்போது அவன் ஓசூர் சிப்காட்டில் ஒரு பெயிண்ட் ஷாப்பில் இருந்தான். சொந்தமாக எதையும் தயாரிக்காத கம்பெனி அது. மற்ற கம்பெனிகள் தகட்டில் செய்து அனுப்புவதை வாங்கி, கழுவி, பிரைமர் அடித்து, கேட்ட நிறத்தைப் பூசி, ஓவனில் வாட்டித் திருப்பி அனுப்புவார்கள். டிராக்டருக்குச் சிவப்பு, ஜெனரேட்டருக்கு மஞ்சள், கம்ப்ரஸருக்கு நீலம், கரண்ட் பெட்டிகளுக்குச் சாம்பல். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வந்த சௌந்தரராஜன் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவன் ஓகே சொல்லாமல் ஒரு லோடும் வெளியே போகாது.

2006 தை மாதத்தில் அவன் மனைவி சத்யப்ரியா இறந்தாள். தலைவலி என்று படுத்தாள். காய்ச்சல் வந்தது. மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது பொங்கல் அது. ஊருக்குக் கொண்டுபோய்க் காரியம் செய்தார்கள். மற்றவர்கள் சொன்னதையெல்லாம் அவன் செய்தான். மொட்டை போட உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தான். "ஒரு தடவ அழுதுருய்யா" என்று அவன் அம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறாம் நாள் முடிந்ததும் ஓசூர் பஸ் ஏறினான்.

கம்பெனியில் எல்லோரும் அவனிடம் மெதுவாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல. கேன்டீனில் மற்றவர்கள் தட்டில் ஒரு முட்டை விழுந்தால் அவன் தட்டில் இரண்டு விழுந்தன. அவன் இரண்டையும் தின்றான்.

ஸ்பிரே கன் பிடிக்கும் செல்வம் பாரூர்க்காரன். யாரையாவது வம்புக்கு இழுக்காமல் அவனுக்குப் பொழுது போகாது. சௌந்தரராஜன் "வாரேன்" என்றால் அதை இழுத்து இழுத்துப் பாடிக் காட்டுவான். தை மாதத்துக்குப் பிறகு பாடவில்லை. தகடு தேய்க்கும் பகுதியில் முனிலட்சுமி இருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். உத்தனப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வேலையில் தமிழ். கையில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு தேய்க்கும்போது வாயும் கூடவே ஓடும். சௌந்தரராஜன் அந்தப் பக்கம் வந்தால் அவள் வாயும் நின்றுவிடும்.

அவனுக்கு இதெல்லாம் தெரிந்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் தெரிந்தது.

பங்குனியில் கரும்பு வெட்டு என்று செல்வம் லீவு போட்டான். ஆள் இல்லாததால் சௌந்தரராஜனே கன்னைப் பிடித்தான். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கன்னில் மிஞ்சியிருக்கும் பெயிண்டை ஊதி வெளியேற்ற வேண்டும். ஓவனுக்குப் பின்னால் பழைய மாடல் கன்ட்ரோல் பேனலின் கதவுகள் சாய்ந்து கிடந்தன. நெஞ்சு உயரம், வெறும் தட்டைத் தகடு. கஸ்டமர் அந்த மாடலையே நிறுத்திவிட்டார். திரும்ப எடுத்துப் போகவும் இல்லை. அதில் ஒன்றை இழுத்து வைத்து மிச்சச் சிவப்பை ஊதினான். பிறகு மஞ்சளை. பிறகு நீலத்தை. அன்றைய லோடோடு சேர்த்து அதையும் ஓவனுக்குள் தள்ளினான். ஏன் தள்ளினான் என்று அவனுக்குத் தெரியாது.

மறுநாள் அது கெட்டியாகக் காய்ந்து பளபளத்தது. தண்ணீர் தொட்டு, உப்புத்தாளால் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தான். நீலம் போய் மஞ்சள் வந்தது. இன்னும் தேய்த்தான். மஞ்சளுக்கு நடுவே சிவப்பு எழுந்தது. சிவப்புக்குள் பிரைமர், அதற்குள் எஃகு. ஒன்றைச் சுற்றி ஒன்றாக, ஏரி வற்றும்போது கரையில் படியும் கோடுகள்போல. கையை எடுக்க மனம் வரவில்லை. சங்கு ஊதியது. அன்று மதியம் அவனுக்குப் பசித்தது.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவன் அங்கேயே இருந்தான். ஒரு கதவு முழுக்க மஞ்சளாக நின்றது. நடுவில் மட்டும் எஃகு தெரியும் ஒரு நீளமான கீறல். இன்னொன்றில் நீலத்தை விளிம்பிலிருந்து உள்நோக்கித் தேய்த்துக்கொண்டே போய், நடுவில் கையளவு விட்டுவிட்டான். ஒன்றை அளவுக்கு மீறித் தேய்த்து எல்லாம் போய்விட்டது. திரும்ப அடித்தான், திரும்பத் தேய்த்தான். அப்படியே அதில் ஐந்தாறு கோட்டு பெயிண்ட் ஏறி, எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது. எப்போது கையை நிறுத்துவது என்பது மட்டும்தான் அதில் வேலை. அதை யோசிக்கும்போது வேறு யோசனை வருவதில்லை.

"என்னக்கா பண்றாரு?" என்று செல்வம் ஒருநாள் கேட்டது அவன் காதில் விழுந்தது.

"ஏதோ டெஸ்ட்டு பண்றாராட்டம் இருக்குது. வுடு. எதுவும் கேக்காத."

அவனும் எதுவும் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் ஸ்வாதி வந்தாள். பெங்களூரில் சின்னதாக ஓர் ஓவியக் கூடம் நடத்துகிறவள். சொந்த ஊர் கோயம்புத்தூர். கூடத்துக்கு வேண்டிய இரும்பு ஸ்டாண்டுகளைப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருந்தாள். நிறம் சரியா என்று பார்க்க வந்தவள், தரையில் கிடந்த கதவின் முன்னால் நின்றுவிட்டாள். அவன் உப்புத்தாளும் கையுமாகக் குந்தியிருந்தான்.

"இது யார் பண்ணுனது?"

"டெஸ்ட் பீஸ்ங்க."

"எதுக்கு டெஸ்ட்?"

அவள் அனுமதி கேட்டுக்கொண்டு மற்றவற்றையும் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் தள்ளி நின்று பார்த்தாள், பிறகு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இதுக்கு அப்ஸ்ட்ராக்ட்னு பேருங்க. தெரியுமா உங்களுக்கு?"

"இது எனாமல் பெயிண்டுங்க" என்றான்.

அவள் சிரித்தாள். புரட்டாசியில் புது ஆட்கள் மூன்று பேரை வைத்து ஒரு கண்காட்சி வைப்பதாகவும், அதில் ஒரு சுவர் முழுக்க இந்த ஏழு கதவுகளையும் மாட்டலாம் என்றும் சொன்னாள். கஸ்டமர் விட்டுப்போன மாலுக்குப் பதில் அவளே புதுத் தகடு வாங்கித் தந்துவிடுவாளாம். அவன் சரி என்றான். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் அவன் சரி என்றுதான் சொன்னான்.

கதவுகளை ஓரிடத்தில் பத்திரமாக வைக்க நினைத்தான். ரீவொர்க் ஸ்டாண்டுதான் அதற்குச் சரியாகப் பட்டது. பூச்சில் பழுதான மால் திரும்பச் செய்ய நிற்கும் இடம் அது. அங்கிருந்து எதை எடுப்பது, எப்போது எடுப்பது என்று சொல்ல வேண்டியவன் அவன்தான். அவன் சொல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். ஏழையும் சுவரைப் பார்த்த மாதிரி சாய்த்து வைத்தான்.

கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை, அரை நாள் ஷிஃப்ட் முடித்துக்கொண்டு பெங்களூர் போனான். வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள் ஸ்வாதி. பஸ் அத்திப்பள்ளியை நெருங்கியதும் முன்சீட்டுக்காரர் செல்போனை அணைத்தார். பின்சீட்டில் இரண்டு பேர் அணைத்தார்கள். அவனும் அணைத்தான். எல்லையைத் தாண்டினால் ரோமிங். யாராவது கூப்பிட்டுவிட்டால் இருக்கிற காசெல்லாம் போய்விடும். ஓசூரில் எல்லோரும் செய்வதுதான்.

இரவு பொம்மனஹள்ளியில் கல்லூரி நண்பன் வீட்டில் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்துக்குப் போனான். சுவர் வெள்ளையாக நின்றது. அதில் ஸ்வாதி பென்சிலால் ஏழு இடங்களில் குறி போட்டிருந்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வேணுமுங்களே. ஏதாச்சும் யோசிச்சீங்களா?"

"பின்னாடி மாடல் நம்பர் இருக்குங்க."

"அதை வச்சா யாரும் வாங்க மாட்டாங்க. மெக்கானிக் வேணா வாங்குவான்."

அவன் உதடு லேசாக விரிந்தது. அந்தக் குறிகளுக்கு முன்னால் நடந்தான். மஞ்சள் இங்கே வரும். ஐந்தாறு கோட்டு ஏறியது அந்த மூலையில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி. இல்லை, இந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்றாள் ஸ்வாதி. செவ்வாய்க்கிழமை என்று அவன் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். எட்டு மாதத்தில் வரப்போகிற ஒரு நாளை அவன் நினைத்தது அப்போதுதான். அது வர வேண்டும் என்று இருந்தது. மாட்டி முடித்த சுவரின் முன்னால் நிற்க வேண்டும் என்று இருந்தது. பயமாகவும் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் தூங்கிவிட்டான். அணைத்த போனைத் திரும்பப் போட மறந்தான்.

திங்கட்கிழமை காலை அவன் உள்ளே நுழைந்தபோது செல்வம் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். கண்கள் சிவந்திருந்தன. தின்னர் வாடை அடித்தது.

"சார், மொதல்ல இங்க வாங்க. ஒண்ணும் பேசாதீங்க. வந்து பாருங்க."

டிஸ்பாட்ச் இடத்தில் ஏழு கதவுகள் ரப்பர் பாயின் மேல் வரிசையாக நின்றன. ஏழும் சாம்பல். பக்கத்தில் முனிலட்சுமி சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இது?" என்றான்.

"பழைய மாடலு சார். நீங்க சனிக்கிழம போன கையோட கஸ்டமர் போன் பண்ணிட்டாங்க. எங்கியோ சைட்டுல அவசரமாம். மேனேஜர் சார் வந்து, அந்த ஏழு கதவு கெடக்குதில்ல, கிரே அடிச்சுத் திங்கக்கெழம காலையில ஏத்திரணும்னுட்டாரு. எனக்குத் திக்குனு ஆயிப்போச்சு."

"ஏன்?"

செல்வம் முனிலட்சுமியைப் பார்த்தான். அவள் அந்த ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னாள்:

"இல்ல சாரு, நீங்க அதுல என்னென்னமோ அடிச்சு வச்சிருந்தீங்க. உங்க மனசு சரியில்ல, எங்களுக்குத் தெரியாதா? மேனேஜரு பாத்தா கஸ்டமர் மால கெடுத்துட்டாருன்னு உங்கள உண்டு இல்லைன்னு பண்ணிருவாரு."

"உங்களுக்கு எத்தன தடவ போன் போட்டோம் தெரியுங்களா? சுவிட்ச் ஆஃப்" என்றான் செல்வம். "பிரைமர்லயே இருக்குது சார்னு மேனேஜர்கிட்ட அடிச்சு வுட்டேன். நல்லவேள, ரீவொர்க் ஸ்டாண்டு பக்கம் அவுரு தலவெச்சுப் படுக்கறதில்ல. நேத்து வாட்ச்மேன்கிட்ட பெயிண்ட் அடிக்கற பூத் கழுவறோம்னு சொல்லிட்டு நாங்க ரெண்டு பேரும் உள்ள வந்தோம். அக்கா தேச்சாங்க, நான் அடிச்சேன். ஓவன் போட்டு எடுத்தாச்சு. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. கை வச்சுப் பாருங்க சார், கை வச்சு!"

அவன் கை வைத்தான். வழுவழுவென்று இருந்தது. ஒரு தூசி இல்லை, ஒரு சொட்டு வழியவில்லை. அவன் அங்கே வேலை பார்த்த காலத்தில் அவ்வளவு சுத்தமான பூச்சைப் பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் தேச்சிட்டீங்களா?"

"எல்லாம்."

"ஏழும்?"

"ஏழும் சார். ஒண்ணு மட்டும் படுத்தி எடுத்துருச்சு. அஞ்சாறு கோட்டு ஏறியிருந்துச்சு. அக்காவுக்குத் தோள்பட்டையே போச்சு."

"யாரைக் கேட்டுத் தேச்சீங்க?"

அது தன் குரல் என்று அவனுக்கே முதலில் தெரியவில்லை. கழுவும் தொட்டிப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வம் ஓரடி பின்னால் போனான்.

"யாரைக் கேட்டுங்கிறேன்? அது படம். பெங்களூர்ல மாட்டறதா இருந்துச்சு. நாளைக்கு வண்டி வருது. சுவத்துல குறி போட்டு வச்சிருக்காங்க. நான் பாத்துட்டு வாரேன்."

"எது படம்?" என்றாள் முனிலட்சுமி.

"அந்தக் கதவு."

"கதவுல எங்க சாரு படம் இருந்துச்சு? ஒரு பூவு இல்ல, ஒரு ஆளு இல்ல. ஏமி இது, தேவுடா!"

"அது அப்படித்தான் இருக்கும். அந்த ஸ்டாண்டு மேடம் வந்தாங்கல்ல, அவங்க கேட்டாங்க. நான் அஞ்சு மாசமா செஞ்சேன்."

முனிலட்சுமி அவனையும் கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் இருந்த இரக்கம் மெல்லப் போனது. இடுப்பில் கை வைத்தாள்.

"படம்னா ரீவொர்க் ஸ்டாண்டுல எதுக்கு வச்சீங்க?"

அவன் அந்த ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கேக்கறேன் இல்ல? ரீவொர்க் ஸ்டாண்டுல இருக்கறத நாங்க என்ன பண்ணுவோம்? தேப்போம். பதினோரு வருசமா அதான பண்ணிட்டு இருக்கறேன். சாமி படத்தக் கொண்டாந்து குப்பத்தொட்டியில வச்சிட்டு, ஏன்டா அள்ளிட்டுப் போனேன்னா? வாயத் தொறந்து ஒரு வார்த்த, அக்கா இதுல கை வைக்காத, இது எனக்கு வேணும்னு சொல்லியிருக்கணுமா இல்லியா?"

"அக்கா, வுடுக்கா" என்றான் செல்வம்.

"நீ சும்மா இரு. பாவம் பாவம்னு பாத்துப் பாத்துத்தான் இந்த லச்சணத்துல வந்து நிக்குது. சாரு, மாசியில கம்ப்ரஸர் மூடிக்கெல்லாம் நீலத்துக்குப் பதிலா பச்சய அடிக்கச் சொல்லி ஓகேவும் போட்டீங்களே, அது எப்படி நீலமா போச்சுன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா? டிராக்டர் பானெட்டு, மாஸ்கிங் டேப்பு ஒட்டினது ஒட்டினாப்லயே ஓகே. அத எடுத்தது யாரு? பெயிண்டு காயாத மாலுக்கு ஓகே. எல்லாம் இவனும் நானும்தான். உங்க காதுக்குப் போவக்கூடாதுன்னு வாயக் கட்டிட்டுக் கெடந்தோம். அந்தப் பழக்கத்துல நேத்தும் வந்தோம். புரட்டாசி. சனிக்கெழம வேலைன்னு எங்கூட்டுல ஞாயித்துக்கெழமதான் பெருமாளுக்குத் தளிகை போடறது. வுட்டுட்டு வந்தேன்!"

சௌந்தரராஜனின் காது மடல்கள் சுட்டன. எட்டு மாதமாக யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டு எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது. பச்சை நிறக் கம்ப்ரஸர் மூடி எதையும் அவனால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. மாசி மாதத்தையே நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்த மாதங்களை இவர்கள் இருவரும் சேர்ந்து அவனுக்காக வேலை பார்த்து முடித்திருந்தார்கள்.

கதவைப் பிடித்துக்கொண்டான். பிறகு அழுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் ஆடியது. கதவுகளுக்காகத்தான் அழுகிறோம் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் அப்படி நினைக்க முடியவில்லை. சத்யப்ரியா தலைவலி என்று சொன்ன சாயங்காலம், அவள் கேட்ட காபி, அதில் சர்க்கரை அதிகம் என்று அவள் முகத்தைச் சுளித்தது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

முனிலட்சுமி திட்டுவதை நிறுத்தவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது. "அழட்டும், அழட்டும். இத்தன நாளு அழுவாம என்னத்த சாதிச்சாரு. செல்வம், நீ அந்தப் பக்கம் நின்னு மறச்சிக்க. எவனும் வேடிக்க பாக்க வேணாம்."

செல்வம் முதுகைக் காட்டி நின்று மறைத்துக்கொண்டான்.

வெளியே லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. மேனேஜர் ஹரீஷ்குமார் டிரைவரிடம் கன்னடத்தில் "ஹிந்தே பா, ஹிந்தே பா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

முனிலட்சுமி கிட்டே வந்தாள். "சாரு, ரிஜெக்ட் போட்டுருங்க. ஓகே போடறது உங்க கையிலதான இருக்குது? பட்டி சரியா காயலன்னு நான் சொல்லிக்கறேன். என்னத் திட்டட்டும். அப்புறமேட்டுக்கு அந்தக் கிரேயத் தேச்சு எடுத்துரலாம். அடியில உங்க கலரு கொஞ்சம் இருந்தாலும் இருக்கும்."

"திட்டறதோட நிக்குமாக்கா?" என்றான் செல்வம். திரும்பாமலே சொன்னான். "பிரைமர்லதான் இருக்குதுன்னு சொன்னது நானு. அடியில செவப்பும் மஞ்சளும் எப்படிறா வந்துச்சுன்னு கேப்பாரு. வாட்ச்மேனக் கேப்பாரு. போன மாசம் ஒரு மூடி நசுங்கினதுக்கே அந்தக் கான்ட்ராக்ட் பையன வூட்டுக்கு அனுப்பலியா? நாம ரெண்டு பேரும் கான்ட்ராக்ட்டுதான்." பிறகு, "உங்களுக்கு வேணும்னா போட்டுருங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றான்.

சௌந்தரராஜன் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். ஷட்டர் வழியாகக் காலை வெயில் தாழ்வாக வந்து கதவுகளின் மேல் சாய்ந்து விழுந்தது. அந்தச் சாய்வில் பார்க்க அவனுக்குத் தெரியும். அவன் வேலையே அது. ஐந்தாறு கோட்டு ஏறிய கதவில் சாம்பலுக்குக் கீழே மயிரிழை உயரத்தில் ஒரு வளைவு ஓடியது. பாதியில் காணாமல் போய், கொஞ்சம் தள்ளி மறுபடி தெரிந்தது. முனிலட்சுமியால் முழுதும் தேய்த்து எடுக்க முடியவில்லை. கஸ்டமர் கண்ணுக்கு அது படாது. பழைய சௌந்தரராஜன் என்றால், இதைப் பார்த்த நிமிடத்தில் ரிஜெக்ட் போட்டிருப்பான். இப்போது போட்டாலும் அது பொய் ஆகாது. ஒரு சொல் போதும். அந்த வளைவு அவனுக்குக் கிடைத்துவிடும். மஞ்சளும் கொஞ்சம் கிடைக்கலாம்.

அவன் அந்த வளைவின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தான்.

"என்ன சௌந்தர், ஓகேவா? லாரி நிக்குது" என்று ஹரீஷ்குமார் உள்ளே வந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "உடம்பு சரியில்லையா? வேணும்னா வீட்டுக்குப் போங்களேன்."

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்."

பையிலிருந்து ஓகே ஸ்டிக்கர்களை எடுத்தான். ஒவ்வொரு கதவின் பின்புறத்திலும் ஒன்று ஒட்டினான். ஐந்தாவது ஸ்டிக்கர் கோணலாக விழுந்தது. செல்வம் அதைப் பிய்த்து நேராக ஒட்டினான்.

"சார், இது எங்க போகுது?" என்று சௌந்தரராஜன் மேனேஜரைக் கேட்டான்.

"ஹூப்ளிப் பக்கம் ஏதோ சப்ஸ்டேஷன். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

லாரி போனது. கேட் வரைக்கும் அதன் பின்னால் நடந்தான். வாட்ச்மேன் சலாம் வைத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினான். கேட்டின் ஓரத்தில் நின்று, பையிலிருந்து போனை எடுத்து, ஆன் செய்து, ஸ்வாதியைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு வண்டி அனுப்ப வேண்டாங்க."

"ஏனுங்க?"

"கதவு இல்ல. கஸ்டமருக்குப் போயிருச்சு." என்ன நடந்தது என்று சொன்னான். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவளும் அந்த ஆஸ்பத்திரிக் குரலுக்கு வந்தாள். மெதுவான குரல். "பரவால்லைங்க. நீங்க இதை மனசுல போட்டுக்காதீங்க. உங்க நெலமை எனக்குத் தெரியும். அந்தச் சொவுத்துக்கு நான் வேற யாரையாச்சும் பாத்துக்கறேன். அடுத்து எப்பவாச்சும்..."

"வேண்டாங்க" என்றான். "வேற யாருக்கும் குடுக்காதீங்க."

"புரியலைங்க."

"எனக்கு அந்தச் சுவர் வேணும்."

அவனே தொடர்ந்தான்: "இந்தத் தடவை முடியாது. தெரியும். இதுக்கு வேற ஆளைப் போட்டுக்கிடுங்க. அடுத்த தடவை எனக்குத் தரணும். நான் செஞ்சு தாரேன். மறுபடி செஞ்சு தாரேன்."

"அதே மாதிரியேவா?"

"அதே மாதிரி வராது."

"எத்தனை நாளாகும்?"

"தெரியல."

"தெரியலைன்னா நான் என்னன்னுங்க தேதி குறிக்கறது?" இப்போது அவள் குரலில் எரிச்சல் இருந்தது. அவனுக்கு அது நன்றாக இருந்தது. "மார்ச்சுல ஒண்ணு வைக்கறேன். பிப்ரவரி கடைசிக்குள்ள எல்லாம் இங்க வந்துரணும். அப்பவும் லாரியில போயிருச்சுன்னு சொன்னீங்கன்னா நானே கம்பெனிக்கு வந்துருவேன்."

"சரிங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். முனிலட்சுமி கேட்டுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கேட்காதது மாதிரி நடிக்கவும் இல்லை.

"மார்ச்சுன்னா மாசி. மாசியில எங்கூர்ப் பண்டிக இருக்குது. தேய்க்கறதுக்கு என்னக் கூப்புடறாப்ல இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"கூப்பிடுவேன்க்கா."

"தோளு இன்னும் வலிக்குது."

"தெரியும்."

"அப்ப இந்த தடவ எதுக்குத் தேய்க்கறோம்னு மொதல்லயே சொல்லிரணும். எந்த எடத்துல நிறுத்தறது, எதுக்கு அங்க நிறுத்தறது, எல்லாம். பாதி சொல்லிட்டு வாய மூடிக்கக் கூடாது."

அவன் சொல்லத் தொடங்கினான். சரியாக வரவில்லை. மஞ்சளைப் பற்றி ஆரம்பித்து, பங்குனியில் முதல் மூலையைத் தேய்த்ததற்குப் போய், அங்கிருந்து தை மாதத்துக்குப் போனான். காபியில் சர்க்கரை அதிகமாகிப் போனதைச் சொன்னான். அதற்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்றான். சரி, மேலே சொல்லுங்க என்றாள். சங்கு ஊதிவிட்டது. அவள் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். பாதி அவளுக்குப் புரியவில்லை. புரியாத இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.